விறகு விலைக்கு ஒரு வத்தை

பாக் விரிகுடாக் கரையில் பழைய படகு ஒன்று விலைக்கு வந்தால் முதல் பேச்சு என்ஜினைப் பற்றித்தான். எத்தனை வருஷத்து என்ஜின், பிஸ்டன் மாற்றியாயிற்றா, புகை எந்த நிறத்தில் வருகிறது என்று கேட்பார்கள். அடுத்தது வலை. அதற்கும் பிறகு, மீன்வளத்துறைப் பதிவு இருக்கிறதா, மானிய டீசல் கிடைக்குமா என்ற விசாரணை. மரத்தைப் பற்றிக் கடைசியில் இரண்டு வார்த்தை. என்ஜினே இல்லாத பாய் வத்தை என்றால் அந்த இரண்டு வார்த்தையும் கிடையாது. அதை வாங்க வருகிறவர் பெரும்பாலும் விறகுக்காரர். ஆணி நிறைய இருக்குமா என்று மட்டும் கேட்பார், ரம்பப் பல் போய்விடுமே என்ற கவலையில்.

தொண்டிக்குத் தெற்கே கடலோர ஊர் ஒன்றின் பையன்கள் சிலர் "பாய் வத்தை ஒண்ணு வேணும், என்ஜினெல்லாம் வேண்டாம்" என்று தேவிபட்டினத்திலிருந்து மல்லிப்பட்டினம் வரை டீக்கடை டீக்கடையாக விசாரித்தபோது பலர் சிரித்திருக்கிறார்கள். விஷயம் பாய்மரப் படகுப் போட்டி. ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டக் கரைகளில் கோயில் திருவிழாக்களை ஒட்டி நடப்பது. கடலில் வைத்த அடையாளத்தைச் சுற்றிவிட்டு முதலில் கரைக்குத் திரும்பும் வத்தைக்குப் பரிசு. இவர்கள் இதுவரை இரவல் வத்தையில் போய், பரிசும் வாங்காமல், இரவல் கொடுத்தவரிடம் திட்டு மட்டும் வாங்கி அலுத்துப்போனவர்கள். புதிதாகக் கட்ட மரத்துக்கே காசு போதாது. பழசைத் தேடினார்கள். பழசு பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டுமே என்று மரப்படகு கட்டும் தச்சரான ஓர் ஓடாவியாரைக் கூட்டிக்கொண்டார்கள். அவர் பின்னால் நான் ஒட்டிக்கொண்டேன். பத்திரிகைக்காரன் ஒருவன் கூட வருவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. வேனுக்கு டீசல் நான் போடுவதாக இருந்தால்.

வத்தை இந்தத் தண்ணீருக்கென்றே அமைந்த பலகைப் படகு. விரிகுடாவின் பெரும்பகுதியில் ஆழம் 15 மீட்டரைத் தாண்டாது. கரையோரத்தில் வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தே போகலாம். சோழமண்டலக் கரையில் போல மடிந்து உடைந்து விழும் அலை இங்கே இல்லை. அதனால் கட்டுமரத்தைத் தினமும் மணலில் ஏற்றுவது போல வத்தையை ஏற்றத் தேவையில்லை. தண்ணீரிலேயே நங்கூரம் போட்டு விட்டுவிடுவார்கள். அடி தட்டை, பாய் பெரிது. காற்று வலுத்தால் குறுக்கே நீளப் பலகை ஒன்றைக் காற்று வரும் பக்கமாக நீட்டி, அதன்மேல் ஆட்கள் ஏறிக்கொண்டு வத்தையைச் சாயவிடாமல் பிடிப்பார்கள். சென்னை மாகாண மீன்துறையில் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் பலகையைக் குறித்து வைத்திருக்கிறார். இன்று அதைப் பார்க்க வேண்டுமானால் போட்டி நடக்கும் நாளில் போக வேண்டும். மற்ற நாட்களில் சிறு டீசல் என்ஜின்களின் படபடப்புத்தான். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவும் கடனிலும் ஃபைபர் படகுகள் வந்து நிறைந்த பின் மர வத்தை கட்டச் சொல்லி வருகிறவர்கள் அருகிவிட்டார்கள்.

ஓடாவியாருக்கு வயது எழுபதைத் தொடும். தகப்பனார் வள்ளம் கட்டியவர். இவருக்கு இப்போது வருகிற வேலை ஃபைபர் படகுக்கு உள்கட்டை வைப்பது, அது இல்லாவிட்டால் வீட்டு நிலை, ஜன்னல். "மரம் பாக்க வாங்கன்னு யாராவது கூப்பிட்டாலே சந்தேகமா இருக்குங்க. வீடியோ எடுத்துப் போடத்தான் கூப்பிடுறாங்களோன்னு" என்றார். என் பைக்குள் கேமரா இருந்தது. அன்றைக்கு அதை வெளியே எடுக்கவில்லை.

முதலில் பார்த்த வத்தை ஆளை மயக்குகிற மாதிரி இருந்தது. மேலெல்லாம் ஃபைபர் பூசி, நீலமும் மஞ்சளுமாகச் சாயம் அடித்து, ஒரு கீறல் இல்லை. பையன்கள் அங்கேயே முன்பணம் எடுத்துவிட்டார்கள். ஓடாவியார் பையிலிருந்து உளியை எடுத்து அதன் பிடியால் முன்முனையான அணியத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டொக், டொக், டொக். நடுவில் வந்ததும் சத்தம் மாறியது, பொத், பொத். மறுபடி முன்னால் போய்த் தட்டினார், மறுபடி நடுவில். பிறகு எங்களைப் பார்த்து, "உள்ள புட்டு மாதிரி இருக்கும். வாங்க போவோம்" என்றார்.

மரத்தின் மேல் ஃபைபர் பூசுவது இங்கே பலர் செய்து பார்த்த வேலைதான். ஒழுக்கு உடனே நிற்கும். நாலைந்து வருஷம் நிம்மதி. ஆனால் மரம் தண்ணீர் குடித்தால் உப்பும், வெயிலில் சுருங்கும். ஃபைபர் அப்படி அசைந்து கொடுக்காது. ஒரு நாள் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். பிரிந்த இடுக்கில் மேலேயிருந்து மழைத்தண்ணீர் இறங்கித் தங்கிவிடும், வெளியேற வழி இராது. வெளியே பளபளப்பு, உள்ளே சேறு. "கடல் தண்ணி மரத்தைத் தின்னாது. மழைத் தண்ணிதான் தின்னும்" என்று ஓடாவியார் சொன்னதை முதலில் நான் ஏதோ பழமொழி என்று நினைத்தேன். அவர் சொன்னது நேர்ப்பொருளில்தான். மரத்தை அழுக வைக்கும் பூஞ்சைக்கு உப்பு ஒத்துவராது. நல்ல தண்ணீரும் நிழலும் காற்றோட்டமில்லாத மூலையும் அதற்குப் போதும். பழைய வத்தையில் எங்கே கை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை இது ஒன்றே சொல்லிவிடுகிறது: தண்ணீருக்குக் கீழே இருக்கும் பாகத்தைவிட, மழை தேங்கும் மேல்மூலைகளில்.

கடலுக்கும் ஒரு தின்னி உண்டு. கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். குஞ்சாக இருக்கும்போது குண்டூசித் துளை அளவில் பலகைக்குள் நுழைந்து, உள்ளே மரத்தின் ரேகையோடு விரல் பருமனுக்குக்கூடக் குடைந்துகொண்டு போகும். குடைந்த வழியெங்கும் சுண்ணாம்பு பூசிக்கொள்ளும். வெளியே பார்த்தால் பலகை முழுசாகத் தெரியும். ஆண்டு முழுக்கத் தண்ணீரிலேயே நிற்கும் வத்தைக்கு இது பெரிய பகை. கரையேற்றிக் காயப் போட்டால் புழு சாகும். நல்ல தண்ணீரில் கொண்டுபோய் நிறுத்தினாலும் சாகும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்காகவே மருந்தேற்றிய ரப்பர் மரத்தில் படகு கட்டிப் பார்த்தது. ஆக, கடலில் விட்டால் புழு, கரையில் விட்டால் பூஞ்சை. ஓடாவியின் பிழைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து ஒன்று மரம் நன்றாக இருந்தும் தள்ளுபடியானது. பின்னால் போய் உட்கார்ந்து ஒற்றைக் கண்ணை மூடி அடிமரமான ஏராக்கட்டையின் நீளத்தைப் பார்த்தவர், "முறுக்கிக்கிட்டிருக்கு" என்று எழுந்துவிட்டார். அழுகினதை வெட்டி மாற்றலாம். முறுக்கியதை நிமிர்த்த முழுதாகப் பிரிக்க வேண்டும்.

வாங்கியது ஒரு வீட்டுக் கொல்லையில், வேப்பமரத்தடியில் கிடந்த வத்தை. உள்ளே இலைச்சருகும், அடைகாக்கும் கோழியும். வீட்டுக்காரம்மா அதன் சொந்தக்காரராக, சம்மாட்டியாக இருந்தவரின் மனைவி. கணவர் போன பிறகு பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். ஓடாவியார் கோழியை மரியாதையாக எழுப்பி ஓரம் வைத்துவிட்டு, சருகைத் தள்ளி ஊசியால் குத்திக்கொண்டே வந்தார். நல்ல மரத்தில் ஊசி நுனி நின்றுவிடும். எடுக்கும்போது சற்றுப் பிடித்து இழுக்கும். கெட்ட இடத்தில் தானே இறங்கும். சருகு தேங்கிய பக்கத்தில், வத்தையின் விலா எலும்பு போன்ற வங்குக்கால்கள் கெட்டுப் போயிருந்தன. ஏராவை ஒட்டிய பலகை ஒன்றில் ஆணிகளைச் சுற்றி மரம் கறுத்திருந்தது. இரும்பு ஆணி உப்பில் துருப்பிடிக்கும்போது தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும். ஆணியைப் பிடித்து ஆட்டினால் கையோடு வரும். மற்றபடி பலகைகள் திடமாக இருந்தன. கட்டினவர் யார் என்று ஓடாவியார் கேட்கவேயில்லை. அணியத்தில் பலகை சேர்ந்த விதத்தைப் பார்த்ததும் எந்த ஊர்க் கை என்று தெரிந்துகொண்டதாகச் சொன்னார்.

"எதுக்குத் தம்பி வாங்குறீங்க?" என்றார் அந்த அம்மா.

"போட்டிக்கும்மா."

"மீன் பிடிக்க இல்லையா?"

"இல்லம்மா."

அவர் கொஞ்சம் யோசித்தார். விறகுக்காரர் ஏற்கெனவே ஒரு விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்குமேல் எவ்வளவு தருவீர்கள் என்பதே பேச்சு. அதிகம் பேரம் நடக்கவில்லை. ஆனால் பாய்மரத்தைத் தர முடியாது என்று சொல்லிவிட்டார். அது சமையற்கட்டுக் கூரைக்கு விட்டமாகப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

டிராக்டரில் ஏற்றி ஓடாவியார் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். வேலைக்கு மொத்தமாக ஒரு தொகை பேசிவிடலாம் என்று பையன்கள் கேட்டதற்கு அவர் ஒப்பவில்லை. "புதுசுன்னா கான்ட்ராக்ட் பேசலாம். பழசுல பேசினா ஒண்ணு நீங்க ஏமாறுவீங்க, இல்ல நான் ஏமாறுவேன். பிரிச்சாத்தான உள்ள என்னன்னு தெரியும்? நாள் கூலி போட்டுருங்க." பழைய வீட்டைப் புதுப்பித்து நொந்துபோன யாருக்கும் இந்த நியாயம் விளங்கும்.

வங்குக்கால் தேடியதில்தான் ஓடாவி என்பவர் யார் என்று எனக்குப் பிடிபட்டது. வத்தையின் உடம்பு எங்கே எப்படி வளைகிறதோ அப்படியே வங்கும் வளைய வேண்டும். நேர்ப்பலகையில் அந்த வளைவை வரைந்து ரம்பத்தால் அறுத்தெடுத்துவிடலாமே என்று கூட இருந்த அவருடைய மருமகன் சொன்னார். நல்ல யோசனையாகத்தான் எனக்கும் பட்டது. ஓடாவியார் ஒரு துண்டை அப்படியே அறுத்து, இரு முனையையும் கல்லின்மேல் வைத்து, நடுவில் காலால் ஒரு மிதி மிதித்தார். மரத்தின் ரேகை வளைவைக் குறுக்கே வெட்டும் இடத்தில் சரியாக இரண்டாகப் போயிற்று. வளைந்த வங்குக்கு வளைந்து வளர்ந்த கொம்பே வேண்டும். அதில் ரேகையும் சேர்ந்தே வளையும். ஆகவே கெட்ட வங்கின் வளைவுக்கு ஒரு கம்பியை வளைத்து எடுத்துக்கொண்டு மரவாடி மரவாடியாகப் போனோம். ராமநாதபுரம் கண்மாய்களில் வனத்துறை வளர்த்து ஏலம் விடும் நாட்டுக்கருவேல் அங்கெல்லாம் குவிந்து கிடக்கும். மற்றவர்கள் நேரான கட்டையாகப் பார்த்துப் பொறுக்க, இவர் யாருக்கும் வேண்டாத கோணல் கொம்புகளைப் புரட்டிப் புரட்டிக் கம்பியை வைத்துப் பார்த்தார். மரவாடிக்காரருக்கு ஒரே சந்தோஷம். சீமைக்கருவேல்தான் மாவட்டம் முழுக்கக் கோணலும் மாணலுமாகக் கிடக்கிறதே, அதில் ஆகாதா என்று ஒரு பையன் கேட்டான். "அது கரிக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

கெட்ட பலகைக்கு மாற்றுப் பலகை கிடைத்த இடம் விறகுக்கடை. இந்த வத்தைக்கு விலை கேட்டுவிட்டுப் போன அதே கடை. கேரளத்து ஆயினிப் பலகை கேட்கிற விலையைக் கேட்டுவிட்டு வந்த எங்களிடம் ஓடாவியார், "புதுப் பலகை ஈரமாத்தான் வரும். பழைய வத்தைப் பலகை பத்து வருஷம் கடல்ல ஊறி, பத்து வருஷம் வெயில்ல காஞ்சது. இதுக்கு மேல அது சுருங்காது, முறுக்காது" என்றார். அடுக்கில் நடுவிலிருந்த பலகையை உருவச் சொல்லி, ஆணித் துளைகளை எண்ணிப் பார்த்து, வேண்டாம் என்று தள்ளி, அடுத்ததை உருவச் சொன்னார். கடைக்காரர் பொறுமையாக உருவிக்கொடுத்தார். தேர்ந்தெடுத்த பலகையை விறகு எடைக்கே போட்டுக் காசு வாங்கினார்.

பலகையை வளைத்தது ஒரு காலை வேலை. பனைமட்டைத் தீ. பலகையின் ஒரு முனையைக் கட்டைக்கு அடியில் செருகி, மறுமுனையில் கல் தொங்கவிட்டு, அடியில் தீ காட்டிக்கொண்டே மேல்பக்கம் ஈரச்சாக்கால் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். தீப் பட்ட பக்கம் லேசாகக் கருகியது. கல் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையை நோக்கி இறங்கியது. அவசரப்பட்டு அழுத்தினால் பிளக்கும் என்பதால் யாரும் தொடவில்லை. போதும் என்று ஓடாவியார் கையைக் காட்டியதும் நான்கு பேர் சூட்டோடு தூக்கிக்கொண்டு ஓடி, இருக்க வேண்டிய இடத்தில் வைத்து இறுக்கினார்கள்.

இங்கேதான் தகராறு ஆரம்பித்தது. பையன்களுக்கு வத்தை லேசாக வேண்டும். மேல் பலகைகளை இழைத்து மெலிய வைத்தால் வேகம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. வேறு ஊர் வத்தைகளில் அப்படிச் செய்கிறார்களாம். கொட்டகைக்குத் தினமும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற முதியவர் ஒருவர், ஒரு காலத்தில் படகை நடத்தும் தண்டலாக இருந்தவர், இதைக் கேட்டுக் கொதித்துப்போனார். "நாங்கள்லாம் ராத்திரி வாடையில மாட்டிக்கிட்டு விடிய விடிய ஓடி வந்திருக்கோம். இழைச்ச பலகையில வந்திருந்தா இங்க உக்காந்து பேசிக்கிட்டிருக்க மாட்டேன்." போட்டி என்று வந்ததே வத்தைக்குப் பிடித்த கேடு என்றார். கடலுக்குக் கட்டினதை வேடிக்கைக்கு அறுக்கிறார்கள் என்றார்.

அவர் சொல்வதில் பாதி சரி. ஆனால் கடலுக்கு வத்தை கட்டச் சொல்லி இந்தக் கரையில் இன்று யார் ஓடாவியைத் தேடி வருகிறார்கள்? பாயில் போய் மீன் பிடித்தால் கட்டுப்படியாகாது. டீசல் விலையை எத்தனை திட்டினாலும் என்ஜினை யாரும் கழற்றப் போவதில்லை. அருங்காட்சியகம் ஒரு வத்தையை வாங்கிக் கூரைக்குக் கீழே வைத்தால் அதற்கு வங்கு மாற்ற வேண்டிய அவசியமே வராது. வருஷா வருஷம் கவிழ்ந்து, மோதி, பாய் கட்டும் பருமல் முறிந்து, ஓடாவியிடம் திரும்பி வருகிற வத்தை போட்டி வத்தை ஒன்றுதான். வேலை கொடுக்கிற புரவலர் கொஞ்சம் அறியாதவராக இருக்கலாம். சிற்பிகளுக்கும் வித்துவான்களுக்கும் வாய்த்த புரவலர்கள் மட்டும் என்ன, எல்லாம் அறிந்தவர்களா?

ஓடாவியார் இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லாமல் தன் போக்கில் ஒரு சமரசம் செய்தார். உள்ளே கிடந்த தட்டுப் பலகைகளையும் மீன் போடுகிற அறைத் தடுப்பையும் கழற்றி வெளியே வைத்தார். கனமான குறுக்குக்கட்டை ஒன்றை எடுத்துவிட்டு மூங்கில் போட்டார். பலகையில் மட்டும் கைவைக்கவில்லை. "ஆறு பேர் ஏறுற இடத்துல அஞ்சு பேரு மெலிஞ்ச ஆளாப் பாத்து ஏறுங்க. அதுக்கு எனக்குக் கூலி வேண்டாம்" என்றார்.

கலப்பத்து வேலையை நான் அதிக நேரம் பார்த்தேன். பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள இடுக்கில் பஞ்சுத்திரியை உளியால் ஏற்றி அடைப்பது. திரி திரிப்பது ஓடாவியாரின் மனைவி. தொடையில் வைத்து உருட்டி உருட்டி, தடிமன் மாறாமல் முழம் முழமாகப் போட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கும் கூலி உண்டா என்று பையன்களைக் கேட்டேன். ஓடாவியார் கூலியில் அதுவும் சேர்த்தி என்றார்கள். அந்த அம்மா தலையை நிமிர்த்தாமல், "அப்படித்தான் அம்பது வருஷமாச் சொல்றாங்க" என்றார்.

திரியை இடுக்கில் வைத்து, மழுங்கிய வாயுள்ள கலப்பத்து உளியைப் பிடித்து, கொட்டாப்புளியால் தட்டுவார்கள். எவ்வளவு தட்டுவது என்பதில்தான் வித்தை. இறுக்கமாக அடைத்தால் நல்லது என்று நமக்குத் தோன்றும். வெயிலில் கிடந்து வற்றிய மரம் தண்ணீரில் இறங்கியதும் உப்பும். இடுக்கில் பஞ்சு திணித்து இடமே இல்லாமல் செய்திருந்தால், உப்புகிற பலகை வங்கிலிருந்து ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வரும். ஓடாவியார் சத்தத்தை வைத்து நிறுத்தினார். திரி போய் உட்காரும் வரை மந்தமாக இருக்கும் சத்தம் ஒரு கட்டத்தில் கணீரென்று மாறுகிறது. அதற்கு மேல் ஓர் அடி கூடக் கிடையாது. உளியை என்னிடம் கொடுத்தும் பார்த்தார். சத்தம் மாறுவது கேட்டது. எப்போது மாறப் போகிறது என்பது கேட்கவில்லை.

அதன்மேல் குங்கிலியம். பொடித்த குங்கிலியத்தை எண்ணெயோடு மண்சட்டியில் காய்ச்சினார்கள். பொங்கினால் தீப்பிடிக்கும் என்பதால் பக்கத்தில் ஈரச்சாக்கும் மணலும் தயாராக இருந்தன. பதம் பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, ஆறியதும் விரலால் நசுக்குவார். பட்டென்று உடைந்தால் இன்னும் எண்ணெய். நூலாக இழுத்தால் இன்னும் குங்கிலியம். உடையாமலும் ஒட்டாமலும் வளைந்து கொடுத்தபோது சட்டியை இறக்கினார். கொட்டகை முழுக்கக் கோயில் வாசனை. சாயம் அடித்ததைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பையன்கள் அவர்களுக்குப் பிடித்த கால்பந்துக் குழுவின் நிறத்தை அடித்தார்கள்.

பாய்மரம் சவுக்கு. முன்பெல்லாம் புன்னை போடுவார்களாம். பிரிட்டிஷ் காலத்துக் கப்பல்காரர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் புன்னை வகை மரங்களைப் பாய்மரத்துக்கென்றே தேடி வாங்கினார்கள். பருமலுக்கு மூங்கில், வளைந்து கொடுக்கும், முறிந்தாலும் நஷ்டம் குறைவு. பாய் தைக்க, பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் தையல் மெஷினைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். முன்பு பருத்தித் துணியைத் தைத்து மரப்பட்டைச் சாயத்தில் ஊறவைப்பார்கள். இப்போது செயற்கை இழைத் துணி. மணலில் விரித்து, கயிறு பிடித்து, சாக்கட்டியால் கோடு போட்டபோது அவர் கோடுகளை நேராகப் போடவில்லை என்பதைக் கவனித்தேன். துணித்துண்டுகளை ஓரத்தில் சற்றுக் கூடுதலாக மடித்து, நடுவில் குறைவாக மடித்துத் தைத்தால் பாய்க்கு நடுவில் வயிறு வரும். வயிறு உள்ள பாய்தான் காற்றைப் பிடித்து வத்தையை இழுக்கும். வெறும் தார்ப்பாயைத் தட்டையாகக் கட்டினால் ஓடும், ஆனால் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக ஏறாது. போட்டியில் அடையாளத்துக்குப் போய்த் திரும்பும் வழிகளில் ஒன்று பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

ஒரு மாலையில் அந்தப் பழைய தண்டல் முதியவர் அன்னபூரணி என்ற கப்பலின் கதையை எடுத்தார். இந்த நீருக்கு அக்கரையில், வல்வெட்டித்துறையில் நம் ஓடாவிகள் போன்றவர்கள் கட்டிய பாய்க்கப்பல். 32 அடி 'ஸ்வாப்' படகில் அதற்கு முன்பே உலகைச் சுற்றி வந்த வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதைப் பழையதாக வாங்கி, சீர்செய்து, மனைவி பெயரை வைத்து, வல்வெட்டித்துறை மாலுமிகளோடு அமெரிக்காவுக்கு ஓட்டிக்கொண்டு போனார். 1938-இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய்ச் சேர்ந்தது. "அந்த வெள்ளைக்காரன் பலகையை இழைக்கச் சொல்லல" என்று முதியவர் முடித்தார். கதையை எடுத்ததே அதற்காகத்தான் போலிருக்கிறது.

கடலில் இறக்கிய அன்றைக்கு வத்தைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறியது. பையன்கள் பதறினார்கள். "குடிக்கட்டும். காஞ்ச மரம் குடிக்காம எங்க போகும்?" என்று ஓடாவியார் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். மறுநாள் காலை இறைத்துவிட்டுப் பார்த்தபோது ஒரே இடத்தில் மட்டும் கசிவு. பழைய ஆணித் துளை ஒன்று விடுபட்டிருந்தது. மரமுளை அடித்து மூடினார்.

வெள்ளோட்டத்துக்குக் கச்சான் நன்றாக இருந்தது. கிழக்கு பார்த்த இந்தக் கரையில் மேற்கிலிருந்து வரும் கச்சான் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். காற்று எத்தனை வலுத்தாலும் கரையோரத் தண்ணீர் தட்டையாகவே கிடக்கும். பாய் ஓட்டத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும். ஆஞ்சான் கயிற்றை இழுத்துப் பருமலை ஏற்றியதும் பாய் ஒரு தரம் படபடத்து, பிறகு தாமான் கயிற்றை இறுக்கியதும் அடங்கி நிரம்பியது. மூன்று பேர் பலகையின் நுனிக்கு ஓடினார்கள். நான் நடுவில், இறைக்கிற வாளியோடு. என்ஜின் படகில் போய்ப் பழகியவனுக்கு அந்த வேகத்தில் சத்தமில்லாமல் போவது சற்றுப் பயமாகவே இருந்தது. ஆனால் வத்தை ஓயாமல் தலையைக் காற்றுப் பக்கமே திருப்பிக்கொண்டிருந்தது. சுக்கான் பிடித்தவன் இரு கையாலும் மல்லுக்கட்டினான். கரைக்கு வந்து சொன்னதும் ஓடாவியார் பாய்மரத்தின் அடியில் ஆப்பைக் கழற்றி, மரத்தை முன்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து, மறுபடி ஆப்பு அடித்தார். பாயின் இழுப்பு முன்னால் போனதும் சுக்கான் ஒரு கைக்கு அடங்கியது.

போட்டியில் பரிசு வரவில்லை. திரும்பும் வழியில் இன்னொரு வத்தையோடு உரசிப் பருமல் முறிந்துவிட்டது. அதுவரை முன்வரிசையில்தான் இருந்தோம் என்று பையன்கள் சத்தியம் செய்கிறார்கள். நான் கரையில், கூட்டத்துக்குப் பின்னால் நின்றதால் சாட்சி சொல்ல முடியாது. முடிந்ததும் ஓடாவியார் அவர்களைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். கரையேற்றினால் மரத்தடியில் போடாதே. தண்ணீர் போகும் துளையைத் திறந்து வை. மேலே கீற்று வேய்ந்து விடு. மழைத்தண்ணீர் ஒரு நாள் கூட உள்ளே தங்கக் கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

பிறகு ஒரு நாள் அந்தப் பையன்களில் ஒருவனிடம் போனில் விசாரித்தேன். கீற்று வேய்ந்தாயிற்று, துளையும் திறந்தேதான் இருக்கிறது, பெரியப்பா ஒருவர் நண்டு வலை போட நடுநடுவே எடுத்துக்கொண்டு போகிறார் என்றான்.

"ஆனா அண்ணே, மேல் பலகைய மட்டும் லேசா இழைச்சா என்னன்னு பேசிக்கிட்டிருக்கோம்."

"ஓடாவியார் என்ன சொன்னாரு?"

"அவர்ட்ட இன்னும் சொல்லல. நீங்களும் சொல்லிராதீங்க."